பாலத்திலிருந்து விழுந்தவர்

பாலத்தார் என்கிற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது பெரியம்மா வீட்டு அடுப்படியில். பெரியம்மா என் அம்மாவுக்கு நேர் மூத்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. அவளுடைய மகள், எனக்கு அக்கா முறை, டீயை வடிகட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு டம்ளர் எடு. பாலத்தார் வந்துட்டாரு. இனி படம் முடியற வரைக்கும் அம்மா கண்ணுக்கு நாமெல்லாம் தெரிய மாட்டோம்."

யாரந்தப் பாலத்தார் என்று எட்டிப் பார்த்தால், மோட்டார்க் கடையில் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற ஆள். ஒடிசலான உடம்பு, விடைத்த காது, வார்னிஷ் ஏறிப் பழுத்த விரல்கள். டி.வி.க்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது காது கேட்காது. அந்தக் காதை டி.வி. பக்கமும் கேட்கிற காதைப் பெரியம்மா பக்கமும் வைத்துக்கொள்வார். டி.வி.யில் சண்டைப் படம். ஒரு கல்பாலம், அதன்மேல் ஓடுகிற சிப்பாய்கள், ஒரே புகை. புகை நடுவில் ஒருவன் கைப்பிடிச் சுவரில் ஏறி, அப்படியே சரிந்து ஆற்றில் விழுந்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"பார்த்தியா, இடது தோளைச் சாய்ச்சு எப்படி விழறான்!" என்றாள் பெரியம்மா.

"பார்த்தேம்மா" என்றார் அவர்.

பேர் அக்கா வைத்தது, பாலத்துப் படம் போடும்போதெல்லாம் வந்து உட்காருவதால். அதைக் கேட்கும்போதெல்லாம் மனிதருக்கு முகம் சுண்டிப்போகும். கேலி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். விஷயம் வேறு. தன் மகன் என்று நம்பி, பெரியம்மா வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அழுத அந்த விழுகிறவன், அவர்தான்.

பெரியம்மாவின் மகனைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடி அப்படி. பட்டாளத்தில் ஒட்ட வெட்டிய பிறகும் பேர் மட்டும் வெட்டுப்படவில்லை. அவனும் பாலத்தாரும் முகாமில் அடுத்தடுத்த கட்டில். சுருட்டைக்கு வாய் ஓயாது. பாலத்தாருக்கு வாயைத் திறக்க ஆள் கிடையாது. சித்தப்பா ஒருவர் வளர்த்து, வயசு வந்ததும் பட்டாளத்து வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதனால் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

ஒரு தடவை முகாமுக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். சண்டைப் படத்துக்குக் கூட்டம் வேண்டுமாம். அதிகாரி ஆட்களை லாரியில் ஏற்றி அனுப்பினார். காலையில் இந்தப் பக்கத்துச் சட்டை, சாப்பாட்டுக்குப் பிறகு எதிரிப் பக்கத்துச் சட்டை. ஓடு, கத்து, செத்துப் போ. எழுந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை செத்துப் போ. பாலத்திலிருந்து விழவேண்டிய ஆள் வந்து சேரவில்லை. "யார் விழறானோ அவனுக்கு ஊருக்குப் போக லீவு" என்றார் அதிகாரி. முதலில் தூக்கிய கை சுருட்டையுடையது. சினிமா ஆள் ஒருவன் அடையாளத்துக்கு அவனுடைய இரும்புத் தொப்பியின் பின்னால் சாக்கட்டியில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனான்.

மேலே ஏறி ஆற்றைப் பார்த்ததும் சுருட்டை கைப்பிடிச் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். குழாயடியில் குளித்து வளர்ந்தவன்.

"என்னால முடியாதுடா. நான் செத்தே போயிடுவேன்."

"சாகறதுக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்காங்க. தொப்பியைக் கழட்டு" என்றார் பாலத்தார்.

"உனக்கெதுக்குடா வேண்டாத வேலை?"

"எனக்கு லீவு குடுத்தா நான் எங்கடா போறது? உனக்கு அம்மா இருக்காங்க. கழட்டு, சீக்கிரம்."

தொப்பியை மாற்றிக்கொண்டார்கள். சுருட்டையுடையது பாலத்தாருக்குத் தொளதொளவென்று இருந்தது. துப்பாக்கி வாரும் நீளம். அது இடது தோளிலிருந்து வழுக்கிக்கொண்டு போனதால்தான் தோள் அப்படிச் சாய்ந்தது, நடிப்பெல்லாம் இல்லை. சுருட்டை கரைக்கு ஓடி, ஒரு கம்பளியை வைத்துக்கொண்டு, கேமரா கண்ணில் படாத இடத்தில் நின்று "குதிடா, குதிடா" என்று கையை ஆட்டினான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் பாலத்தார் விழுந்தார். சாக்கட்டிக் கோடு போட்ட தொப்பி யாருடையதோ அவனுக்குத்தான் லீவு, சுருட்டை ஊருக்குக் கிளம்பினான்.

லீவில் வந்தவன் சும்மா இருந்தானா? கட்டில்மேல் ஏறினான். துடைப்பத்தைத் தோளில் மாட்டினான். நண்பன் விழுந்ததை அச்சு அசலாக, இடது தோளைச் சாய்த்துத் தரையில் விழுந்து காட்டினான். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடி, "இன்னொரு தடவை விழுப்பா" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கட்டில் கால் ஒடிந்ததுதான் மிச்சம். செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். "வேற எதுவும் உருப்படியா வரல, சாவு மட்டும் நல்லா வருது" என்று பெரியம்மா திட்டிக்கொண்டே சிரித்தாள். அதுதான் அவனுடைய கடைசி லீவு.

முகாமுக்குத் திரும்பியவன் பாலத்தாரிடம் சொன்னான்: "அம்மாகிட்ட நான்தான் விழுந்தேன்னு சொல்லிட்டேன்டா. ஊரே நம்பிடுச்சு. நீ எப்பவாவது வீட்டுக்கு வந்தா போட்டு உடைச்சிடாத. என் மானம் போயிடும்."

"உன் மானத்தை நான் ஏன்டா தொடறேன்?" என்றார் இவர்.

எல்லையில் சண்டை மூண்டது. ஒரு நாள் விடியும்போது சுருட்டை இன்னும் சிலரோடு மலைச்சரிவில் ஏறினான். யாரும் இறங்கி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காணவில்லை என்று அறிவித்தார்கள், அத்தோடு சரி. அதே சண்டையில் பக்கத்தில் குண்டு வெடித்துப் பாலத்தாருக்கு ஒரு காது போயிற்று, பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

சுருட்டையின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பெரியம்மா வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். உட்காரக்கூட விடவில்லை பெரியம்மா. பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள், திறக்கவில்லை.

"நீ அவன்கூட இருந்தவனா? அப்ப கிளம்பு. ஆட்டம் ஆரம்பிச்சுடும்."

அந்தப் படம் அப்போது தியேட்டரில் இரண்டாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிழிக்கிறவன் பெரியம்மாவைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னிக்காவது அவன் விழாம நிக்கறானான்னு பார்க்க வந்தீங்களா?" என்றான். கேலிதான். பெரியம்மா பதிலுக்குச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

இருட்டில் பாலம் வந்தது. பெரியம்மா அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "இப்ப... இப்ப பாரு." பழைய பிரதி, திரை முழுக்கக் கீறல் மழை. புகைக்குள் ஒரு கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் உருவம். அது விழுந்தபோது பாலத்தாருக்கு மூக்கில் ஆற்றுத் தண்ணீர் ஏறிய மாதிரி இருந்ததாம். பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதிலும் பிள்ளை கண்ணை மூடியிருந்தான். அசைகிற பிள்ளை அவளுக்கு இந்தப் பாலத்தின்மேல் மட்டும்தான். இதையும் பிடுங்கிக்கொண்டு நான் எந்த மூஞ்சியோடு நிற்பேன் என்று அவருக்குத் தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். அந்த நாளை வரவில்லை.

பெரியம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மோட்டார்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, எரிந்த செம்புக் கம்பியைக் கொக்கியால் இழுத்து எடுத்து, காகிதம் சொருகி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிற வேலை. முதலாளி பின்னறையில் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் பெரியம்மா வீடு. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் "பார்க்கலாம்" என்றே சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தார். பெரியம்மாவுக்கு அவர் "தம்பி" ஆனார். பிறகு "டேய்" ஆனார். முகம் பார்த்துச் சோறு போட ஓர் ஆள் அவருக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அவள் ஒரு படத்தோடு நிற்கவில்லை. சண்டைப் படம் எது வந்தாலும் விடமாட்டாள். தியேட்டர் போய் டி.வி. வந்தது, கேசட் வந்தது, சி.டி. தட்டு வந்தது. எல்லாவற்றிலும் சண்டைப் படம். எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், எது ஒரு தடவைக்குக்கூடத் தேறாது என்று அவளிடம் தீர்ப்பு இருந்தது. தண்ணீருக்கடியில் போகிற கப்பல் படம் தேறாது: "வேர்த்து ஊத்திக்கிட்டு எல்லாரும் குழாயையே பார்க்கறானுங்க. யார் எவன்னே தெரியல." பனிமலைப் படம் தேறும்: "சாகறவன் சாகறதுக்கு முன்னாடி காலுறையைக் காய வைக்கறான் பாரு, அது நிஜம்." காயம்பட்டவர்களுக்கான ஆஸ்பத்திரிப் படத்தைப் பார்த்து அவளுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "ரத்தம் ஒரு வெளுப்புல போகுமா? விரிப்பெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. எவடி அங்க துவைக்கிறது, அவளை எங்ககிட்ட அனுப்பு!"

"அம்மா, அது சினிமா" என்பாள் அக்கா.

"முன்னாடி நிக்கிறவன்தான் சினிமா. பின்னாடி நிக்கிறவன் எல்லாம் யாரோ பெத்த புள்ள. பின்னாடி பாரு."

ஆனால் எந்தப் படத்தில் சுற்றினாலும் கடைசியில் பாலத்துக்கே வந்து நிற்பாள். துப்பாக்கிச் சத்தம் பாலத்தாருக்கு ஆகாது. கேட்காத காதைக் கொடுத்துச் சமாளிப்பார். பார்த்து முடித்ததும் அவள் கேட்பாள், "வலிச்சிருக்குமாடா அவனுக்கு, தண்ணியில மோதினப்ப?" அவர் சொல்வார், "இல்லம்மா. ஜில்லுன்னு இருந்திருக்கும், அவ்வளவுதான்." இதை மட்டும் அவர் தயங்காமல் சொல்வார்.

தலை நரைத்தது. பெரியம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கண்ணில் புரை விழுந்து, அதை எடுத்து, கண்ணாடி போட்டு, ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குப் பார்வை திரும்பியது. மருந்துக்கடையில் வேலை பார்த்துவந்த அக்கா, சுவரில் மாட்டுகிற பெரிய டி.வி. வாங்கினாள். அந்தச் சமயம் பார்த்துத்தானா அந்த விளம்பரம் வரவேண்டும்? பழைய பாலத்துப் படத்தைக் கீறல் நீக்கி, துலக்கி, புத்தம் புதுசாகப் போடப்போகிறார்களாம், ஞாயிறு மத்தியானம்.

"டேய், இனி மூஞ்சி தெரியும்டா!" பெரியம்மா மோட்டார்க் கடைக்கே நடந்து வந்து சொன்னாள். "கண்ணு திறந்திருக்கிற மாதிரி அவன் மூஞ்சியைப் பார்த்துட்டா, அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

பாலத்தாருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பியைத் தலைகீழாகச் சுற்றி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கு மின்சாரம் ஒன்றுதானே தெரியும்? ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னாடியே போனார். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வாசலில் நின்று, மீட்டர்ப் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மின்விசிறி நின்றது. டி.வி. கறுத்தது.

"நேரம் பார்த்துப் போச்சு பாரு!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, வெளியில என்னன்னு பாருங்களேன்."

"தெரு முழுக்கப் போயிருக்கும் போல" என்றார் அவர், சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டு.

பெரியம்மா புதுச் சேலை உடுத்தியிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். செத்துப்போன டி.வி.யையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கழற்றித் துடைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து அதே படத்தில் பட்டாளத் தாரை ஊதுகிற சத்தம் வந்தது. அது அவள் காதிலும் விழுந்தது. எழுந்து போய் அங்கே பார்க்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

"இத்தனை நாள் பொறுத்தேன்" என்றாள் மெதுவாக. "இன்னும் கொஞ்சம்தானே."

பாலத்தார் எழுந்து வாசலுக்குப் போனார். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

படம் பாதியில் இருந்தது. என்ன துலக்கம்! பாலத்துக் கல்லில் இருந்த வெடிப்புத் தெரிந்தது. சிப்பாய்களின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. ஒருவன் கைப்பிடிச் சுவரில் ஏறினான். தொளதொளத்த தொப்பி முதலில் கழன்று விழுந்தது. இத்தனை காலமும் கீறல் மழை மறைத்திருந்த முகம், இடது பக்கம் யாரையோ பார்த்துச் சிரிக்கப்போகிற மாதிரி ஒரு கணம் நின்றது. இரண்டு பக்கமும் விடைத்த காது.

அக்காவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ தரையில் ஓடியது. பெரியம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டி அவருடைய காதைத் தொட்டாள். விரிப்பில் கறை போயிற்றா என்று பார்க்கிற மாதிரி விரலால் தடவினாள்.

"இது நீ."

"ஆமாம்மா."

"என் புள்ளை எங்க?"

"அவன் படத்துல இல்லம்மா. அவன் விழல. தண்ணிக்குப் பயந்துட்டான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டான்மா..."

"அவன் படத்துலயே இல்லையா?"

"இல்லம்மா."

டி.வி.யில் பாலம் வெடித்துச் சிதறியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் அழுதப்பெல்லாம்," என்றாள் பெரியம்மா, "என் பக்கத்துல உக்காந்து நீ உன்னையே பார்த்துக்கிட்டு இருந்தியா?"

அவள் அவருக்குக் கதவைக் காட்டினாள். போய்விட்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் மோட்டார் கொண்டுவராவிட்டாலும். ஒரு நாள் அக்கா வந்தாள்.

"அம்மா டி.வி.யைத் துணி போட்டு மூடிட்டா. சரியா சாப்பிடறதில்ல. ஏண்ணே, அந்த ஃபியூஸை நீங்கதானே பிடுங்குனீங்க?"

"ஆமா."

"பிடுங்குனவரு பாக்கெட்லயே வெச்சிருக்கக் கூடாதா?"

அவர் எரிந்த கம்பியைக் கொக்கியால் இழுத்துக்கொண்டே இருந்தார். அக்கா போகவில்லை. "அவன் பயந்தான், சரி. நீங்க ஏன் குதிச்சீங்க? உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"விழறவனுக்கு லீவுன்னாங்க. எனக்குப் போக இடமில்ல. அவனுக்கு இருந்துச்சு."

"எந்த லீவு?" என்று கேட்டவள், கேட்டு முடிப்பதற்குள்ளேயே காலி மோட்டார் ஓடு ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "கட்டில் உடைஞ்ச லீவா?"

"அதான்."

அக்கா வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்துத்தான், "அந்த ஆளை வரச் சொல்லு" என்றாள்.

அவர் வந்து வாசலில் நின்றார்.

"வாங்க" என்றாள் பெரியம்மா. "உக்காருங்க."

டேய் போயிற்று, தம்பி போயிற்று. அந்த "ங்க" அவரைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது என்று அக்காவிடம் பிறகு சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா டி.வி.யின்மேல் இருந்த துணியை எடுத்தாள். "அவன் எந்தப் பக்கம் நின்னான்?"

பாலத்தார் எழுந்து போய், டி.வி. முடிகிற இடத்துக்கு இடது பக்கம், சுண்ணாம்பு உரிந்த வெறும் சுவரில் விரலை வைத்தார். "இங்க. கொஞ்சம் கீழ. கையில கம்பளி வெச்சிருந்தான். குதிடா குதிடான்னு கத்திக்கிட்டே இருந்தான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான்மா. வாயெல்லாம் பல்லு."

அதற்கப்புறம் அந்தப் படம் வந்தால் பெரியம்மா நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்வாள். பாலத்தின்மேல் ஏறுகிறவன் முகத்தைத் திருப்புகிற நேரத்துக்குச் சரியாக அவளும் சுவரைப் பார்ப்பாள். மற்றச் சண்டைப் படங்களை விட்டுவிட்டாள். பாலத்தாரை வரச்சொல்வாள், டீ கொடுப்பாள், கையை மட்டும் பிடித்ததில்லை. தண்ணீரில் மோதினபோது அவருக்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. வலித்திருந்தது.

பெரியம்மா ஆஸ்பத்திரியில், தான் மடித்துப் பழகிய விரிப்பின்மேல் கிடந்து போய்ச்சேர்ந்தாள். கடைசிவரைக்கும் "வாங்க, போங்க"தான். மோட்டார்க் கடை முதலாளி கடையை விற்றதும், அக்கா பாலத்தாரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அவர் அந்த வீட்டுப் பின்னறையில், சுருட்டை ஏறி விழுந்து காட்டிய, செங்கல் முட்டுக் கொடுத்த கட்டிலில் இருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த காதும் இப்போது கேட்பதில்லை.